கத்திரி வெயிலில் இரவுச் சமையல்: ஒரே பாத்திரம், ஸ்லோ குக்கர், உங்கள் வழி என்ன?

வேலூர் மொட்டைமாடி (இழையைத் தொடங்கியவர்) | மே 5, இரவு 10.15

வணக்கம். கத்திரி நேற்றுத்தான் பிறந்தது. அதற்குள் சமையலறைக்குள் கால் வைக்க முடியவில்லை. எங்கள் வீடு மொட்டை மாடிக்கு நேர் கீழே. பகல் முழுக்கக் காய்ந்த தளம் இரவு பத்து மணி வரைக்கும் சூட்டைக் கீழே இறக்கிக்கொண்டே இருக்கும். சமையலறையில் ஒரே ஜன்னல், அதுவும் பக்கத்து வீட்டுச் சுவரைப் பார்த்தபடி இருக்கிறது.

வேலை முடிந்து நான் வீட்டுக்கு வர ஏழு மணி ஆகிவிடும். சாப்பிட நான்கு பேர்: நான், கணவர், பத்து வயதுப் பையன், மாமியார். மாமியாருக்குச் சர்க்கரை உண்டு. தோசை என்றால் எல்லோருக்கும் சுட்டு முடிக்க ஒரு மணி நேரம் கல் முன்னால் நிற்க வேண்டும். சப்பாத்தி அதைவிடக் கஷ்டம். நேற்று கடைசி தோசையைத் திருப்பும்போது தலை சுற்றி, சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றேன். தினமும் வெளியில் வாங்கிச் சாப்பிடவும் மனமில்லை.

எனக்குத் தெரிய வேண்டியது இவ்வளவுதான். அடுப்பின் முன் கால் மணி நேரத்துக்கு மேல் நிற்காமல் செய்யக்கூடிய இரவுச் சாப்பாடு என்னென்ன? மின்சாரத்தில் மணிக்கணக்காக மெதுவாக வேக வைக்கும் ஸ்லோ குக்கர் வாங்கினால் உண்மையிலேயே வீட்டில் சூடு குறையுமா? வைத்திருப்பவர்கள் அனுபவத்தைச் சொல்லுங்கள்.

---

கொங்குக் கைமணம் | மே 5, இரவு 10.50

முதலில் தண்ணீர் குடிங்க தோழி. தலை சுற்றல் வந்தால் அடுப்பை அணைத்துவிட்டு வெளியே வந்துவிடுங்கள். மிச்ச மாவு எங்கும் போய்விடாது.

எங்கள் பக்கம் கோடைக்கென்று தனியாக யோசிப்பதே இல்லை, அரிசிம்பருப்புச் சாதம்தான். கோயம்புத்தூர், ஈரோடு பக்கம் வாரத்தில் இரண்டு நாள் எல்லா வீட்டிலும் இதுதான் இரவுக்கு. என் அளவு: பொன்னி புழுங்கல் அரிசி ஒரு கப், துவரம் பருப்பு அரை கப்புக்குக் கொஞ்சம் குறைவாக, தண்ணீர் நான்கு கப். அரிசியையும் பருப்பையும் ஒன்றாகக் கழுவி, அரை மணி நேரம் ஊற விடுங்கள். நீங்கள் வந்ததும் ஊறப் போட்டுவிட்டு, குளித்து வந்து அடுப்பைப் பற்ற வையுங்கள்.

குக்கரிலேயே நல்லெண்ணெய் விட்டுக் கடுகு, சீரகம், இரண்டு வரமிளகாய், கறிவேப்பிலை. அப்புறம் பத்துப் பதினைந்து சின்ன வெங்காயம், தட்டிய பூண்டு ஆறு பல், ஒரு தக்காளி, மஞ்சள் தூள். வெங்காயம் நிறம் மாறினால் போதும். அரிசி பருப்பைப் போட்டு, தண்ணீர் ஊற்றி, உப்புப் போட்டு மூடுங்கள். மூன்று விசில், பிறகு சிம்மில் ஐந்து நிமிடம். நீங்கள் அடுப்பருகில் நிற்பது தாளிக்கும் அந்த ஏழெட்டு நிமிடம் மட்டும்தான். ஆவி அடங்கும்வரை திறக்க வேண்டாம்.

தொட்டுக்கொள்ளத் தயிர், மோர் மிளகாய், மேலே ஒரு கரண்டி நெய். சின்ன வெங்காயம் உரிக்கிற வேலையை டிவி பார்த்துக்கொண்டே பையனிடம் கொடுங்கள், பத்து வயதுக்கு அது நல்ல பழக்கம்.

---

டாலஸ் வாசி | மே 6, காலை 7.20

நான் பன்னிரண்டு வருடமாக டெக்சஸில் இருக்கிறேன். இங்கேயும் ஜூலை, ஆகஸ்டில் 38, 40 டிகிரி சாதாரணம். ஸ்லோ குக்கர் இல்லாமல் எங்கள் வீட்டில் கோடை ஓடாது. காலையில் போட்டுவிட்டு வேலைக்குப் போனால் மாலையில் குழம்பு தயார். அடுப்பு பற்ற வைப்பதே இல்லை, சமையலறை குளுகுளு என்று இருக்கும்.

இந்தப் பாத்திரத்தின் கதையும் எனக்குப் பிடிக்கும். இர்விங் நாக்சன் என்பவர் 1940-ல் இதற்குக் காப்புரிமை பெற்றார். கிழக்கு ஐரோப்பிய யூதர்கள் சபாத் என்னும் வாராந்திர ஓய்வு நாளில் தீ மூட்டக் கூடாது என்பதால் முந்தின நாள் மாலையே பயறு, இறைச்சி, கிழங்கு எல்லாம் ஒரு பானையில் போட்டு, ஊர் ரொட்டிக் கடை அடுப்பின் மிச்சச் சூட்டில் இரவெல்லாம் வைப்பார்களாம். அதைப் பற்றி அவருடைய அம்மா சொன்னதிலிருந்து வந்த யோசனை இது. 1971-ல் க்ராக்-பாட் என்ற பெயரில் கடைக்கு வந்தபோதுதான் வீடு வீடாகப் பரவியது.

வாங்குங்கள், தயங்காதீர்கள்.

---

ஓய்வு பெற்ற பொறியாளர் | மே 6, காலை 9.05

டாலஸ் தம்பி சொல்வதில் ஒரு விஷயத்தை மட்டும் திருத்த விரும்புகிறேன். கேள்வி கேட்ட பெண்ணுக்கு அது மிக முக்கியம்.

ஸ்லோ குக்கர் சுமார் 200 வாட் இழுக்கும் என்று வைத்துக்கொள்வோம். எட்டு மணி நேரம் ஓடினால் 1.6 யூனிட். அந்த மின்சாரம் முழுவதும் வெப்பமாகி, கடைசியில் வீட்டுக்குள்தான் இறங்கும். வேறு எங்கும் போக வழியில்லை. பிரஷர் குக்கரில் நான்கு பேருக்கு அரிசிம்பருப்புச் சாதம் வைக்க கேஸ் அடுப்பு கால் மணி நேரம் எரிந்தால், என் கணக்கில் 0.4 அல்லது 0.5 யூனிட் வெப்பம். பக்கத்தில் நின்றால் அனல் அடிக்கும், அதனால் அதிகம் போலத் தெரியும். ஆனால் மொத்தக் கணக்கில் ஸ்லோ குக்கர் வீட்டில் விடும் வெப்பம் மூன்று மடங்குக்கும் மேல்.

டாலஸ் வீட்டில் ஏ.சி. நாள் முழுக்க ஓடுவதால் அது தெரிவதில்லை. ஏ.சி. இல்லாத, காற்று புகாத சமையலறையில் தெரியும்.

இன்னொன்று, வெப்பத்தைவிட ஆவிதான் நம்மை அதிகம் வாட்டுகிறது. அரை லிட்டர் தண்ணீர் கொதித்து ஆவியாகப் போனால் அதுவே 0.3 யூனிட்டுக்கு மேல், அத்தனையும் புழுக்கமாக அறைக்குள் நிற்கும். கேஸ் எரியும்போதும் தண்ணீர் உண்டாகிறது: 100 கிராம் கேஸ் எரிந்தால் சுமார் 160 கிராம் நீராவி வரும். அதனால்தான் மூடாத பாத்திரத்தில் சோறு வடிப்பதும், குழம்பை மூடாமல் சுண்ட வைப்பதும் கோடையில் மிக மோசமான முறைகள். மூடி போட்ட எதுவும் நல்லது. மூடி இறுக்கமாக இருந்தால் இன்னும் நல்லது. விசில் வந்ததும் தணலைக் குறைத்தால், பீய்ச்சிக்கொண்டு போகும் ஆவியும் மிச்சம்.

---

டாலஸ் வாசி | மே 6, மாலை 6.40

ஐயா, கணக்குக்கு நன்றி. நான் இப்படி யோசித்ததே இல்லை. உங்கள் பதிலைப் படித்த பிறகு ஒன்று புரிகிறது. நாங்கள் ஸ்லோ குக்கரைச் சமையலறையில் வைப்பதே இல்லை, வாசம் வீட்டுக்குள் வரக் கூடாது என்று மூன்று வருடமாக கராஜில்தான் ஓடுகிறது. வீடு குளிர்ச்சியாக இருக்கிறது என்று நான் சொன்னதற்குக் காரணம் அதுதான்.

அப்படியானால் வேலூர்த் தோழிக்கு நான் சொல்ல வேண்டியது: வாங்கினால் பால்கனியிலோ, மழையும் வெயிலும் படாத பின்கட்டிலோ வைக்க இடம் இருக்கிறதா என்று பார்த்துவிட்டு வாங்குங்கள். கேஸ் அடுப்பை அங்கே தூக்கிப் போக முடியாது, இதைத் தூக்கிப் போகலாம்.

---

வேலூர் மொட்டைமாடி | மே 6, இரவு 9.30

ஐயா சொன்னதைக் கணவரிடம் வாசித்துக் காட்டினேன். நான் கடையில் பார்த்து வைத்திருந்த ஸ்லோ குக்கருக்கு முன்பணம் கொடுக்கும் அளவுக்குப் போயிருந்தேன். நல்ல வேளையாக இங்கே கேட்டேன். எங்களுக்குப் பின்பக்கம் துணி காயப் போடும் சின்ன பால்கனி உண்டு, அங்கே ஒரு பிளக்கும் இருக்கிறது.

இன்று அரிசிம்பருப்புச் சாதம் செய்தேன், கொங்கு அக்கா. மாமியார் இரண்டாம் முறை கேட்டு வாங்கினார். பருப்பு மட்டும் கொஞ்சம் முழுசாக நின்றது. எங்கள் வீட்டில் போர் தண்ணீர். தண்ணீரா, தக்காளியா, எது காரணம்?

அப்புறம் ஒரு சந்தேகம். ஸ்லோ குக்கரில் டைமர் வைத்த வகை இருக்கிறதே. காலை எட்டு மணிக்குக் கோழிக்கறியைப் போட்டுவிட்டு, மதியம் இரண்டு மணிக்குத் தானாகத் தொடங்கும்படி வைக்கலாமா?

---

கொங்குக் கைமணம் | மே 6, இரவு 10.05

இரண்டுமே காரணமாக இருக்கும். உப்புத் தண்ணீரில் துவரம் பருப்பு சீக்கிரம் குழையாது, புளிப்பு சேர்ந்தால் இன்னும் தாமதம். குடிக்கிற தண்ணீரை ஊற்றிச் செய்து பாருங்கள். பருப்பை மட்டும் ஒரு மணி நேரம் முன்பே ஊற வைப்பதும் உதவும். தக்காளியைப் பாதியாகக் குறைத்துக்கொண்டு, சாப்பிடும்போது எலுமிச்சை பிழிந்துகொள்ளலாம்.

---

உணவியல் அக்கா | மே 6, இரவு 11.20

டைமர் கேள்விக்கு என் பதில்: வேண்டவே வேண்டாம். நான் ஒரு மருத்துவமனையில் உணவியல் பிரிவில் வேலை செய்கிறேன். கோடை பிறந்தாலே வாந்தி, வயிற்றுப்போக்கு என்று வருபவர்கள் எத்தனை பேர் என்று பார்க்கிறவள் என்பதால் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன்.

5 டிகிரிக்கும் 60 டிகிரிக்கும் இடையில் கிருமிகள் பெருகும். உங்கள் வீட்டில் பகலில் 38 டிகிரி, அது கிருமிகளுக்கு மிகவும் பிடித்த சூடு. பச்சைக் கோழிக்கறி ஆறு மணி நேரம் அந்தச் சூட்டில் கிடந்தால், பிறகு எவ்வளவு வேக வைத்தாலும் பயன் இல்லை, சில கிருமிகள் விட்டுவைக்கும் நச்சு கொதியில் அழியாது. கறி என்றால் ஃபிரிட்ஜில் இருந்து எடுத்த உடனே சுவிட்ச் போட வேண்டும். உறைந்த கட்டியாகவும் போடக் கூடாது, உள்ளே சூடு ஏற நேரம் அதிகமாகும். ஃபிரிட்ஜிலேயே முந்தின இரவு இளக வைத்துக்கொள்ளுங்கள்.

ராஜ்மாவில் இன்னொரு ஆபத்து. அதில் இயற்கையாகவே ஒரு நச்சுப்புரதம் உண்டு. நன்றாகக் கொதித்தால்தான் அழியும். ஸ்லோ குக்கரின் மெதுவான சூட்டில் வெந்து மெத்தென்று ஆகிவிடும், நச்சு மட்டும் அப்படியே இருக்கும். குறைந்தது ஐந்து மணி நேரம் ஊற வைத்து, அந்தத் தண்ணீரைக் கொட்டிவிட்டு, புதுத் தண்ணீரில் அரை மணி நேரம் தளதளவென்று கொதிக்க வைத்த பிறகே ஸ்லோ குக்கருக்குள் போக வேண்டும். கோடையில் அரை மணி நேரம் அடுப்பில் கொதிக்க வைப்பதாக இருந்தால் ஸ்லோ குக்கர் எதற்கு? ராஜ்மாவைப் பிரஷர் குக்கரிலேயே முடித்துவிடுங்கள்.

கரண்ட் போகும் விஷயத்தையும் மறந்துவிடாதீர்கள். வீட்டில் ஆள் இருந்து, கொஞ்ச நேரம்தான் போனது என்று தெரிந்தால் மூடியைத் திறக்காமல் விடலாம். யாரும் இல்லாதபோது எவ்வளவு நேரம் போனது என்றே தெரியாவிட்டால், கையில் தொட்டால் சூடாக இருந்தாலும் அந்த உணவைச் சாப்பிட வேண்டாம்.

மிஞ்சிய சோறும் அப்படித்தான். கோடை இரவில் மேடையிலேயே விட்டுவிட்டு மறுநாள் காலையில் கிளறிச் சாப்பிடக் கூடாது. தண்ணீர் ஊற்றிப் புளிக்க வைத்த பழைய சோறு வேறு, அப்படியே கிடந்த சோறு வேறு.

---

நாகர்கோவில் பானை | மே 7, காலை 6.10

மின்சாரமே வேண்டாத ஸ்லோ குக்கர் ஒன்று இருக்கிறது, யாரும் சொல்லவில்லையே. எங்கள் ஊரில் பாதி வீடுகளில் தெர்மல் குக்கர் உண்டு. வெளியே சூடு போகாத பெரிய பாத்திரம், உள்ளே ஒரு ஸ்டீல் பானை. கேரளத்தில் சூடாறாப்பெட்டி என்பார்கள். அந்தக் காலத்தில் வைக்கோல் திணித்த பெட்டிக்குள் கொதித்த பானையை இறக்கி வைப்பார்களே, அதே தத்துவம்.

என் இரவுச் சாப்பாடு பயறுக் கஞ்சி. சம்பா அரிசி ஒரு கப், ஊற வைத்த சிறுபயறு அரை கப், தண்ணீர் எட்டு கப். அடுப்பில் மூடி போட்டுக் கொதி வந்ததிலிருந்து கால் மணி நேரம். அடுப்பை அணைத்துப் பானையை அப்படியே தெர்மல் குக்கருக்குள் இறக்கி மூடிவிட வேண்டும். ஒன்றரை மணி நேரத்தில் அரிசியும் பயறும் பூப்போல வெந்திருக்கும். உப்பும் ஒரு பிடி தேங்காய்த் துருவலும் கடைசியில். தொட்டுக்கொள்ளக் காணத்துவையல் (கொள்ளுத் துவையல்), சுட்ட பப்படம், உப்பு மாங்காய். எங்கள் அம்மா வெயில் காலம் முழுக்க இரவுக்கு இதைத் தவிர வேறு சமைத்ததாக எனக்கு நினைவில்லை. வேர்த்து விறுவிறுத்து வந்த அப்பா இரண்டு கும்பா குடித்துவிட்டு முற்றத்தில் பாய் விரித்துப் படுப்பார்.

ஒரு எச்சரிக்கை, உணவியல் அக்கா சொன்ன 60 டிகிரி இதற்கும் பொருந்தும். காலையில் வைத்துவிட்டு இரவு திறந்தால் ஆறிப் புளித்திருக்கும். இரண்டு, அதிகம் போனால் மூன்று மணி நேரம். பானை முக்கால்வாசியாவது நிறைந்திருக்க வேண்டும், குறைவாக இருந்தால் சீக்கிரம் ஆறிவிடும்.

---

ஓய்வு பெற்ற பொறியாளர் | மே 7, காலை 8.45

நாகர்கோவில் அம்மா சொன்னதுதான் வெப்பக் கணக்கில் எல்லாவற்றிலும் சிறந்தது. கொதித்த வெப்பத்தை அறைக்கு விடாமல் பானைக்குள்ளேயே வேலை வாங்குகிறோம்.

நம் நாட்டில் இந்த யோசனைக்கு வயது அதிகம். 1910-ல் கல்கத்தாவில் இந்துமாதவ் மல்லிக் என்ற மருத்துவர் இக்மிக் குக்கர் என்ற ஒன்றை உருவாக்கினார். உருளைக்குள் அடுக்கடுக்காகப் பாத்திரங்கள், அடியில் கொஞ்சம் கரித்தணல். சோறு, பருப்பு, கறி எல்லாம் ஆவியில் மெதுவாக வெந்துகொண்டிருக்கும், ஆள் பக்கத்தில் இருக்கத் தேவையில்லை. நாக்சனுக்கு முப்பது வருடம் முன்பே.

---

தோஹா தோழன் | மே 7, மாலை 5.30

நான் கத்தாரில் இருக்கிறேன். ஒரு அறையில் ஆறு பேர், பொதுச் சமையலறையில் பன்னிரண்டு பேர். ஜூன் 1 முதல் செப்டம்பர் 15 வரை காலை பத்து முதல் மாலை மூன்றரை வரை வெட்டவெளியில் வேலை வாங்கக் கூடாது என்று இங்கே சட்டமே இருக்கிறது என்றால் வெயிலைப் புரிந்துகொள்ளுங்கள். வேலை முடிந்து வந்து அந்தச் சமையலறையில் வரிசையில் நிற்க உடம்பில் தெம்பு இருக்காது. அதனால் நாங்கள் மூன்று பேர் சேர்ந்து ஒரு ரைஸ் குக்கர் வாங்கினோம்.

ரைஸ் குக்கர் தக்காளிச் சாதம்: குக்கர் பாத்திரத்திலேயே எண்ணெய் விட்டு ஆன் செய்து, வெங்காயம், பச்சை மிளகாய், இஞ்சி பூண்டு விழுது. வதங்கும் முன்பே சுவிட்ச் மேலே வந்துவிட்டால் ஒரு நிமிடம் விட்டு மறுபடி அழுத்த வேண்டும். அப்புறம் மூன்று தக்காளி, மிளகாய்த் தூள், உப்பு, ஊற வைத்த பாஸ்மதி இரண்டு கப், டின் கொண்டைக்கடலை ஒன்று (தண்ணீரை வடித்து அலசியது), தண்ணீர் மூன்று கப். மேலே ஆவித் தட்டில் மூன்று முட்டையைக் கழுவி வைத்து மூடுவோம். சோறு வெந்து சுவிட்ச் தட்டும்போது முட்டையும் வெந்திருக்கும். தயிர் டப்பா ஒன்று, வெள்ளரிக்காய். மூன்று பேருக்கு வயிறு நிறையும்.

அம்மா வாரம் ஒருமுறை போனில் கேட்பார், "இன்னைக்கு என்னப்பா சாப்பிட்டே?" என்று. சோறு, கடலை, முட்டை, தயிர் என்று நான் வரிசையாகச் சொன்னால் அவருக்கு நிம்மதி. ஒரே பாத்திரத்தில் நான்கும் அடங்கிவிடுவதால் பொய் சொல்ல வேண்டியதில்லை.

---

குசினி (டொரொன்டோ) | மே 8, காலை 4.15

எல்லோரும் சோற்றுப் பானையைப் பற்றியே கதைக்கிறீர்கள், யாழ்ப்பாணத்துக் கூழை நான் சொல்லாமல் விட்டால் சரியில்லை. ஒரே பானைச் சாப்பாடு என்றால் எங்களுக்கு அதுதான்.

ஒடியல் மா, அதாவது பனங்கிழங்கைக் காய வைத்து இடித்த மா. அதைத் தண்ணீரில் ஊற விட்டு, மேலே நிற்கும் தண்ணீரை ஊற்றிவிட வேண்டும், கயர்ப்புப் போகும். பெரிய பானையில் தண்ணீர் கொதிக்க, ஒரு பிடி அரிசி, பயத்தங்காய், பலாக்கொட்டை, மரவள்ளிக் கிழங்கு. அவை அவிய மீன், நண்டு, இறால். அரைத்த செத்தல் மிளகாய், மஞ்சள், பழப்புளிக் கரைசல், உப்பு. எல்லாம் அவிந்த பிறகு ஊறிய மாவைக் கரைத்து ஊற்றித் துழாவி, கூழ் தடிப்பாக வர இறக்குவோம்.

ஊரில் பின்னேரம் முற்றத்தில் மூன்று கல் வைத்து அடுப்பு மூட்டுவோம், வீட்டுக்குள் அனலே வராது. அயலட்டை எல்லாம் சேர்ந்துவிடும். பனை ஓலையை மடித்துப் பிளா கோலி, அதில் சுடச்சுட ஊதி ஊதிக் குடிக்க, உறைப்பில் மூக்கு ஓடும், உடம்பு வேர்த்து, பிறகு காற்றுப் பட்டதும் அப்படியொரு குளிர்ச்சி. இங்கே டொரொன்டோவில் ஜூலை மாதம் வீட்டின் பின்வளவில் கேஸ் அடுப்பு வைத்து இன்றும் காய்ச்சுகிறோம். பிளாவுக்குப் பதில் கோப்பை. பிள்ளைகள் நண்டுக் காலுக்கு அடிபடுவார்கள்.

பொறியாளர் ஐயாவின் கணக்கு எனக்கு விளங்கவில்லை, ஆனால் அடுப்பை வெளியே கொண்டுபோ என்பதை எங்கள் அம்மம்மாக்கள் செய்து காட்டிவிட்டார்கள்.

---

மதுரைச் சித்தி | மே 8, காலை 10.00

டொரொன்டோத் தங்கச்சி, படிக்கும்போதே நாக்கு ஊறுகிறது.

ஸ்லோ குக்கர் எங்கள் வீட்டில் இருக்கிறது. மகன் வெளிநாட்டில் இருந்து கொண்டுவந்த முதல் குக்கர் 110 வோல்ட்டுக்கானது. தெரியாமல் நம் பிளக்கில் செருகியதும் ஒரே நிமிடத்தில் கருகிய வாடை. வெளியிலிருந்து வாங்கி வருபவர்கள் அடியில் ஒட்டியிருக்கும் எண்ணைப் பாருங்கள். இங்கே 230 வோல்ட்.

இப்போது இருப்பது இங்கேயே வாங்கியது. மூன்று வருடத்தில் நான் கண்டது: சாதம் இதில் வைக்காதீர்கள், களியாகிவிடும். கஞ்சிக்கு இதை மிஞ்சிய பாத்திரம் இல்லை. தோல் உளுந்து அரை கப், பச்சரிசி அரை கப், பூண்டு பத்துப் பல், வெந்தயம் ஒரு ஸ்பூன், தண்ணீர் ஏழு கப். "லோ"வில் ஆறு மணி நேரம். அடிப்பிடிக்காது, பொங்காது, கிண்ட வேண்டாம். இறக்கும்போது கெட்டித் தேங்காய்ப்பால். தேங்காய்ப்பாலை முதலிலேயே ஊற்றினால் திரிந்துவிடும்.

குழம்பு வைத்தால் வழக்கமாக ஊற்றும் தண்ணீரில் பாதிக்குக் கொஞ்சம் மேலே போதும். ஆவி வெளியே போகாததால் குழம்பு சுண்டவே சுண்டாது. கிழங்கை அடியில் போடுங்கள், கறியைவிட அதுதான் தாமதமாக வேகும். முருங்கைக்காய், பீர்க்கங்காய் எல்லாம் கடைசி முக்கால் மணி நேரத்தில். தாளிப்பு எப்போதும் கடைசியில்தான், முதலிலேயே தாளித்துப் போட்டால் எட்டு மணி நேரத்தில் வாசமெல்லாம் போய்விடும். அப்புறம், சும்மா சும்மா மூடியைத் திறந்து பார்க்காதீர்கள், ஒவ்வொரு முறையும் சூடு ஏற இருபது நிமிடம் கூடுதலாகும்.

---

உணவியல் அக்கா | மே 8, மதியம் 1.40

சித்தி சொன்ன கஞ்சி அருமை. ஆனால் வேலூர்த் தோழியின் மாமியாருக்கு ஒரு வார்த்தை. அரிசியைக் குழையக் குழைய வேக வைக்கும்போது ரத்தத்தில் சர்க்கரை வேகமாக ஏறும். "கஞ்சிதானே, லேசான சாப்பாடு" என்று நினைத்து இரண்டு டம்ளர் குடிப்பவர்களை நிறையப் பார்க்கிறேன். சாமை, வரகு போட்டாலும் குழைத்துக் கஞ்சியாக்கினால் இதே கதைதான். அவருக்கு ஒரு டம்ளர் கஞ்சி, கூடவே நிறையக் காயும் சுண்டலும் என்று வையுங்கள். அரிசிம்பருப்புச் சாதத்தில் பருப்பைக் கூட்டி, சுரைக்காயையும் பீர்க்கங்காயையும் நறுக்கிச் சேர்ப்பது அவருக்கு இன்னும் நல்லது. மாத்திரை எடுப்பவர் என்றால் இரவுச் சாப்பாட்டைத் தள்ளிப்போடாமல் அதே நேரத்தில் கொடுப்பது முக்கியம், அளவை அவருடைய மருத்துவரிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

---

டாலஸ் வாசி | மே 8, இரவு 8.15

எனக்குக் கைவந்த ஒன்று, கொண்டைக்கடலைக் குழம்பு. இரவு முழுக்க ஃபிரிட்ஜில் ஊறிய கடலை ஒரு கப், தண்ணீர் இரண்டரை கப், வெங்காயம், இஞ்சி பூண்டு, சாம்பார் பொடி. "ஹை"யில் நான்கைந்து மணி நேரம். கடலை மெத்தென்று ஆன பிறகுதான் தக்காளியும் உப்பும், முன்பே போட்டால் கடலை வேக அடம் பிடிக்கும். கடைசியில் தேங்காய்ப்பால், சித்தி சொன்ன மாதிரி கறிவேப்பிலைத் தாளிப்பு. கறி இல்லாததால் டைமர் பயமும் குறைவு, இருந்தாலும் நான் டைமர் வைப்பதில்லை.

---

வேலூர் மொட்டைமாடி | மே 18, இரவு 9.50

பத்து நாள் கழித்து வருகிறேன். நீங்கள் சொன்னதையெல்லாம் ஒரு நோட்டில் எழுதி வைத்து ஒவ்வொன்றாகச் செய்து பார்த்தோம்.

புதிதாக ஸ்லோ குக்கர் வாங்கவில்லை. என் தங்கை பயன்படுத்தாமல் வைத்திருந்ததை வாங்கி வந்து, பின் பால்கனியில் ஒரு ஸ்டூல் மேல் வைத்திருக்கிறேன். வெள்ளி, செவ்வாயில் கொண்டைக்கடலைக் குழம்பு. ஊறிய கடலை ஃபிரிட்ஜில் இருக்கும், மாமியார் மதியச் சாப்பாடு முடித்துப் போட்டு சுவிட்சைத் தட்டுவார். கடலை வெந்ததும் தக்காளியும் அவர் வேலை. ஏழு மணிக்கு நான் வந்து தாளித்தால் முடிந்தது. இரண்டு நாள் அரிசிம்பருப்பு, குடிக்கிற தண்ணீரில், பீர்க்கங்காய் சேர்த்து. பருப்பு இப்போது நன்றாகக் குழைகிறது.

தெர்மல் குக்கர் மட்டும் புதிதாக வாங்கினேன். இதுதான் எங்கள் வீட்டுக்குச் சரியாக அமைந்தது. மாமியார் ஐந்தரை மணிக்குப் பயறுக் கஞ்சியைக் கொதிக்க வைத்து இறக்கிவிடுகிறார், கால் மணி நேர வேலை. ஏழரைக்குத் திறந்தால் ஆவி பறக்கிறது. அவருக்கு ஒரு டம்ளர்தான், கூட வெள்ளரியும் சுண்டலும். கஞ்சி வைத்த அன்றைக்குச் சாப்பிட்டு இரண்டு மணி நேரம் கழித்துக் கருவியில் பார்த்தோம், அவருடைய டாக்டர் சொல்லியிருக்கிற அளவுக்குள்தான் இருந்தது.

தோசையை ஞாயிறு காலை ஆறு மணிக்கு மாற்றிவிட்டேன். அந்த நேரத்தில் கல் முன்னால் நிற்பது கஷ்டமாக இல்லை.

நேற்று பையன் நோட்டில் ஒடியல் கூழ் என்று எழுதியிருந்ததைப் பார்த்துவிட்டு மொட்டை மாடியில் செய்யலாமா என்று கேட்டான். டொரொன்டோ அக்கா, ஒடியல் மா தமிழ்நாட்டில் எங்கே கிடைக்கும் என்று யாருக்காவது தெரியுமா?

---

நாகர்கோவில் பானை | மே 19, காலை 5.55

மா எங்கே விற்கிறது என்று நான் விசாரிக்கிறேன் மகளே. அதுவரைக்கும் ஒன்று செய்யலாம். தூத்துக்குடி, ராமநாதபுரம் பக்கம் பனங்கிழங்கு தை மாதம் நிறைய வரும். பச்சைக் கிழங்கைப் பிளந்து நாலைந்து நாள் நல்ல வெயிலில் போட்டால் கலகலவென்று காய்ந்துவிடும், மில்லில் கொடுத்து அரைத்துக்கொள்ளலாம். அவித்த கிழங்கு இதற்கு ஆகாது, அது புழுக்கொடியல். அடுத்த கோடைக்கு உங்களுக்கும் சேர்த்து நான் காய வைக்கிறேன்.